கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: மரீனோ மரீனியின் குதிரை லித்தோகிராஃப் வாங்க நினைப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் பிரேம் போட்ட படம் ஒன்று வாங்கினேன். செம்மண் நிறப் பின்னணி. கழுத்தை வானத்தை நோக்கி நீட்டிய கருப்புக் குதிரை. அதன் முதுகில் கைகளை விரித்துக்கொண்டு பின்னால் சரியும் ஒரு ஆள். கீழே வலது மூலையில் 'மரீனோ' என்ற கையெழுத்து. "ஒரிஜினல் லித்தோ சார், இத்தாலி" என்றார் கடைக்காரர். லித்தோ என்றால் லித்தோகிராஃப், கல்லில் வரைந்து அச்சடிக்கும் படம். கையெழுத்தைப் பார்த்ததும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பிரேமைக் கழற்றி லென்ஸை வைத்தால், குதிரையின் வயிறு முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். கையெழுத்தும் புள்ளிகள்தான். யாரோ கையெழுத்துப் போட்ட படத்தைப் புகைப்படம் எடுத்து, அதை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூட நினைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டியது வாங்குகிறவர் வேலை. அன்று நான் எதை எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குதிரையைப் பாருங்கள்

மரீனோ மரீனி 1901இல் இத்தாலியின் டஸ்கனி பகுதியில், பிஸ்தோயா என்ற ஊரில் பிறந்தவர். ஃபிளாரன்ஸ் கலைக் கல்லூரியில் படித்தார். உலகம் அவரைச் சிற்பியாகத்தான் அறியும். ஆனால் ஓவியமும் அச்சுப்படமும் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தன. பொம்மை போன்ற வித்தைக்காரர்கள், 'பொமோனா' என்று அவர் அழைத்த பருத்த பெண் உருவங்கள், அப்புறம் குதிரையும் சவாரிக்காரனும். இந்த மூன்றாவதுதான் அவரை விடவே இல்லை.

1930களின் நடுவில் தொடங்கிய கதை இது. 1934இல் ஜெர்மனி போனபோது பாம்பெர்க் தேவாலயத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டுக் கல் குதிரைவீரன் சிலை அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அவர் செய்த குதிரைகள் நான்கு காலையும் ஊன்றி அமைதியாக நிற்கும், சவாரிக்காரனும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். பிறகு போர் வந்தது. மிலானில் இருந்த அவருடைய பட்டறை குண்டுவீச்சில் அழிந்தது. மனைவியோடு சுவிட்சர்லாந்தின் தீச்சினோ பகுதிக்குப் போய்ச் சில வருடங்கள் இருந்தார். அதன்பின் வந்த குதிரைகளைப் பாருங்கள். கழுத்து விறைக்கிறது, காது பின்னால் போகிறது, வாய் திறந்து கனைக்கிறது. சவாரிக்காரன் பிடி தளர்ந்து சாய ஆரம்பிக்கிறான். 1950களில் வந்த 'மிராக்கொலோ' (அற்புதம்) வரிசையில் குதிரை செங்குத்தாக எழும்பி நிற்கிறது, ஆள் வழுக்கி விழுகிறான். தன் காலத்தில் நடந்தவை தந்த கலக்கம்தான் இது என்று மரீனியே சொல்லியிருக்கிறார்.

இது கலை வரலாற்றுப் பாடம் மட்டும் இல்லை, வாங்குகிறவருக்கு உதவும் கருவியும்கூட. ஒரு படம் கையில் கிடைத்ததும் இரண்டு கோடுகளைத் தேடுங்கள்: குதிரையின் கழுத்து ஒன்று, சவாரிக்காரனின் முதுகு இன்னொன்று. இரண்டும் எந்தப் பக்கம் இழுக்கின்றன? நேராக நிமிர்ந்திருந்தால் பழைய அமைதியின் எச்சம். ஒன்றையொன்று எதிர்த்து இழுத்தால் போருக்குப் பிந்தைய மனநிலை. தோராயமான கணக்குதான், பழைய பாணிக்கு அவர் திரும்பிப் போனதும் உண்டு. ஆனாலும் '1938' என்று சொல்லி ஒருவர் விற்கும் படத்தில் ஆள் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தால், கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

விற்பவர்கள் இவற்றை 'எக்ஸ்பிரஷனிஸ்ட்' என்று சீட்டு ஒட்டி விற்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்கு 1911இல் ஜெர்மனியின் மியூனிக்கில் காண்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க் என்ற ஓவியர்கள் தொடங்கிய 'நீலக் குதிரைவீரன்' குழு நினைவுக்கு வரும். அவர்கள் வேறு நாடு, வேறு தலைமுறை. அந்தக் குழு வெளியிட்ட மலரின் அட்டையில் இருக்கும் குதிரைவீரன் மரச்செதுக்கு அச்சு, லித்தோகிராஃப் இல்லை. மரீனி எந்த எக்ஸ்பிரஷனிஸ்ட் குழுவிலும் இருந்தவர் அல்ல. உணர்ச்சிக்காக உருவத்தை முறுக்குகிறார் என்பதற்காகத்தான் அந்தச் சொல் அவர்மேல் ஒட்டியது.

கல்லில் என்ன நடக்கிறது

லென்ஸை எடுப்பதற்கு முன் இது கொஞ்சம் தெரிய வேண்டும். தெரியாமல் பார்த்தால் எதைத் தேடுகிறோம் என்பதே புரியாது.

தமிழில் லித்தோகிராஃபுக்குக் கல்லச்சு என்று பழைய பெயர் உண்டு, பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1790களின் கடைசியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்தான் இதற்குப் பேர்போனது. அந்தக் கல்லை மணல் போட்டுத் தேய்த்து லேசாகச் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் கொழுப்பு கலந்த கிரேயானாலோ மையாலோ ஓவியர் வரைவார். பிறகு கருவேலம் பிசின் கரைசலில் சில சொட்டு அமிலம் கலந்து பூசுவார்கள். கொழுப்பு பட்ட இடம் மையைப் பிடிக்கும், படாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை ஈரப்படுத்தி உருளையால் மை ஏற்றினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் வந்துவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விஷயத்தை வைத்து ஒரு தொழிலையே கட்டியிருக்கிறார்கள்.

இதில் மூன்று விளைவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எழுத்தும் உருவமும் தாளில் இடவலம் மாறி விழும் (மாற்றுத்தாளில் வரைந்து கல்லுக்கு ஏற்றினால் மாறாது). இரண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும், இல்லையென்றால் தனித் துத்தநாகத் தகடு வேண்டும். ஐந்து நிறப் படம் என்றால் ஒரே தாள் ஐந்து முறை அச்சுக்குள் போய் வந்திருக்கிறது. மூன்று, கல் தட்டையாக இருப்பதால் தாளில் பள்ளம் விழாது. படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் செவ்வகப் பள்ளம் இருந்தால் அது செப்புத்தகட்டு எட்சிங்காக (தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சடிப்பது) இருக்கும். மரீனி எட்சிங்கும் நிறையச் செய்திருக்கிறார், மெல்லிய கோடுகளால் ஆன குதிரைகள். இரண்டையும் குழப்பி விற்பவர்கள் உண்டு.

லென்ஸ்

10 மடங்கு பெரிதாகக் காட்டும் சிறிய லென்ஸ் போதும், நகைக்கடையிலும் அச்சகத்திலும் வைத்திருப்பார்களே, அதுதான். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். முடிந்தால் கண்ணாடிக்கு வெளியே எடுத்துப் பாருங்கள், கண்ணாடி மேலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

குதிரையின் முதுகுக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். கிரேயானால் வரைந்த கோடு எப்படி இருக்கும் தெரியுமா? சொரசொரப்பான சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தது போல. மேடுகளில் நிறம் பிடித்திருக்கும், பள்ளங்களில் தாள் வெளுப்பாகத் தெரியும், ஒரு துணுக்குப் போல இன்னொன்று இருக்காது. அழுத்திய இடத்தில் கோடு நெருங்கிக் கருத்திருக்கும், கை தளர்ந்த இடத்தில் உதிர்ந்து போயிருக்கும். அடுத்து, நீர்த்த மையால் பூசிய பரப்பைப் பாருங்கள். மேசையில் காபி டபரா வைத்த இடம் காய்ந்தால் ஓரத்தில் ஒரு கருத்த வளையம் தெரியுமே, அதே மாதிரி ஓரம் இருக்கும், உள்ளே மை திட்டுத் திட்டாகக் கூடிக் கலைந்திருக்கும்.

அப்புறம் இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீலத்தின்மேல் மஞ்சள் வந்தால் பச்சை தெரியும், ஆனால் அந்தப் பச்சைக்கு அடியில் நீலத்தின் ஓரம் தனியாகத் தெரியும். தாளைக் கொஞ்சம் சாய்த்தால் மேலே ஏறிய மை மெல்லிய தோல் போல மின்னும். ஓரிடத்தில் நிறம் ஒரு மயிரிழை விலகி வெள்ளைக் கீற்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். தாளைக் கையால் பொருத்தி அச்சடிக்கும்போது அப்படி ஆகும்.

போலியில், சரி, போலி என்று சொல்ல வேண்டாம், மறு அச்சில், கதை வேறு. ஆப்செட்டில் அடித்ததென்றால் நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும், சில இடங்களில் சின்னப் பூப்போல வட்டமிட்டுத் தெரியும். செம்மண் நிறம் என்று கண்ணுக்குத் தெரிவது லென்ஸுக்குள் செம்மண் நிறமாகவே இருக்காது, நான்கு நிறப் புள்ளிக் கலவையாக இருக்கும். இங்க்ஜெட்டில் அடித்ததில் வரிசை இருக்காது, ஆனால் நுண்ணிய தூறல் தெளித்தது போல எங்கும் ஒரே மாதிரி இருக்கும்.

பழகிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். யார் வீட்டிலாவது பழைய ரவிவர்மா அச்சகத்துச் சாமிப்படம் இருந்தால், 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது, அனுமதி கேட்டு லென்ஸை வைத்துப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் இருக்கும். அதுவும் கல்லச்சுதான். லட்சுமியின் கன்னத்தில் புள்ளிகள் இருக்கும், ஆனால் கையால் குத்திய புள்ளிகள், பெரிதும் சிறிதுமாக, வரிசையில்லாமல். பக்கத்திலேயே இந்த வருடத்துக் காலண்டரை வைத்து அதையும் பாருங்கள். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். அதன்பிறகு யாரும் உங்களை ஏமாற்றுவது கஷ்டம். 'புள்ளி இருந்தால் ஆப்செட்' என்ற குருட்டு விதியையும் விட்டுவிடுவீர்கள், புள்ளி ஒழுங்காக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

தாளும் ஓரமும் பின்பக்கமும்

லித்தோகிராஃப்புக்குப் பெரும்பாலும் பருத்தித் தாள் பயன்படுத்துவார்கள். ஆர்ஷ், ரீவ் என்ற பிரெஞ்சுத் தாள்கள் பிரபலம், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீர்க்குறியாக அந்தப் பெயர் தெரியும். தெரியவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம், ஒரு பெரிய தாளை இரண்டாக வெட்டினால் குறி ஒரு பாதியில்தான் போகும்.

சுற்றிலும் வெள்ளை ஓரம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டியவர்கள் ஏராளம். வெட்டிய தாளின் மதிப்பு குறையும். பின்பக்கம் திருப்பினால்தான் உண்மை வெளியே வரும்: பழுப்பேறிய செலோடேப் தடம், அட்டையோடு ஒட்டப்பட்டிருப்பது, ஈரத்தால் வந்த பழுப்புப் புள்ளிகள். படத்தைச் சுற்றி வாணலி விளிம்பு போலப் பழுப்புக் கோடு தெரிந்தால், பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மட்டமான மவுண்ட் அட்டையின் அமிலம் தாளில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணும் கையெழுத்தும்

இப்போதுதான் கையெழுத்துக்கு வருகிறோம். பொதுவாக இடது கீழ் மூலையில் பென்சிலில் '23/75' என்பது போல ஒரு பின்னம் இருக்கும். 75 பிரதி அச்சடித்ததில் இது 23ஆம் எண் கொண்டது. சிறிய எண் என்றால் உசத்தி என்று சொல்வார்கள், அதைக் கேட்டுப் பணம் கூடக் கொடுக்காதீர்கள். அச்சில் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில்தான் எண் போடுவார்கள் என்று கட்டாயம் கிடையாது. எண்ணுக்குப் பதில் 'ஈ.ஏ.' அல்லது 'பி.ஏ.' என்றிருந்தால் கலைஞர் தனக்கென வைத்துக்கொண்ட பிரதி, 'ஹெச்.சி.' என்றால் விற்பனைக்கு அல்லாத பிரதி. ரோமன் எண்ணில் போட்டிருந்தால், அதே படத்தை வேறு தாளில் தனித் தொகுப்பாக அடித்திருக்கக்கூடும்.

மரீனி பல அச்சுகளில் 'மரீனோ' என்று முதல் பெயரை மட்டும் பென்சிலில் போட்டிருக்கிறார். பென்சில் தடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தாள் லேசாக அமுங்கியிருக்கும், கிராஃபைட் சாம்பல் மினுமினுப்போடு தெரியும். கல்லிலேயே கையெழுத்துப் போட்டு அச்சில் வந்ததும் உண்டு, அது படத்தின் ஒரு பகுதிதான், தனிக் கையெழுத்தாகக் கணக்கில் வராது. இன்னொன்று: மரீனி 1980 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அதற்குப் பிந்தைய தேதியில் கையெழுத்துடன் எதையாவது காட்டினால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

எந்த வகையை வாங்குவது

ஒரே குதிரை பல விலையில் சந்தையில் இருக்கும். பென்சில் கையெழுத்தும் எண்ணும் உள்ள தொகுப்புப் பிரதிதான் விலை அதிகம். அதற்குக் கீழே, ஆனால் என் கணக்கில் புதியவருக்கு மிகச் சரியானது, பத்திரிகையில் வந்த லித்தோகிராஃப். பாரிஸில் சான் லாட்சரோ நடத்திய 'இருபதாம் நூற்றாண்டு' என்ற பிரெஞ்சுக் கலை இதழ், இதழுக்குள்ளேயே அசல் லித்தோகிராஃப்களை வைத்து விற்றது. மரீனிக்காக 1974இல் ஒரு சிறப்பிதழும் அப்படி வந்தது. இவற்றில் கையெழுத்தும் எண்ணும் இருக்காது, பிரதிகள் நிறைய, இரட்டைப் பக்கமாக இருந்தால் நடுவில் மடிப்பு இருக்கும், சிலவற்றின் பின்பக்கத்தில் எழுத்தும் இருக்கும். ஆனால் மறு அச்சு அல்ல, லித்தோகிராஃபாகவே அச்சானவை. லென்ஸில் அந்தச் சாக்பீஸ் கோடு அப்படியே தெரியும். கையெழுத்துக்குப் பணம் கொடுக்காமல் குதிரைக்குப் பணம் கொடுக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. இந்த இதழ்ப் பிரதியில் பிற்பாடு யாரோ பென்சிலில் கையெழுத்தைச் சேர்த்து, விலையைப் பல மடங்கு ஏற்றி விற்பதும் நடக்கும், மடிப்பைத் தேடுங்கள்.

கண்காட்சிப் போஸ்டர்கள் இன்னொரு வகை. சில கல்லச்சு, பல ஆப்செட். பிடித்திருந்தால் போஸ்டர் விலைக்கு வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

தூரத்திலிருந்து வாங்கும்போது பிரேமுக்கு வெளியே எடுத்த படம் கேளுங்கள், முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, லென்ஸ் வைத்து எடுத்த ஒரு அருகாமைப் படம். தாளின் அளவும் உருவத்தின் அளவும் தனித்தனியாக வேண்டும். மரீனியின் அச்சுப் படைப்புகள் முழுவதையும் வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று 1990இல் வந்தது. தொகுத்தவர்கள் பெயரால் 'குவாஸ்தல்லா எண்' என்று விற்பவர்கள் குறிப்பிடுவார்கள். அந்த எண் என்ன என்று கேளுங்கள். எண் தெரிந்தால் அளவு, தாள், பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். "உண்மைச் சான்றிதழ் இருக்கிறது" என்று மட்டும் சொல்பவரிடம், சான்றிதழ் யார் கொடுத்தது என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அவரே அடித்ததைத்தான் காட்டுவார்கள்.

அதற்கு முன்பு உண்மையானவற்றைக் கண் நிறையப் பார்த்துவிடுங்கள். ஃபிளாரன்ஸில் சான் பங்கிராட்சியோ என்ற பழைய தேவாலயத்துக்குள் மரீனி அருங்காட்சியகம் இருக்கிறது, பிஸ்தோயாவில் அவர் பெயரில் அறக்கட்டளை இருக்கிறது. வெனிஸ் போகிறவர்கள் பெகி குகன்ஹைம் கலைச் சேகரிப்பு இருக்கும் மாளிகையின் கால்வாய்ப் பக்க வாசலில் கைகளை விரித்த அந்த வெண்கலச் சவாரிக்காரனைத் தவறவிடவே முடியாது, 1948ஆம் ஆண்டு வேலை. பயணம் போக முடியாவிட்டால் நியூயார்க்கின் மோமா, லண்டனின் டேட் என்ற இரண்டு அருங்காட்சியகங்களின் இணைய சேகரிப்பிலும் தேடலாம்.

வீட்டில் மாட்டுவது

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். பிரேம்காரரிடம் அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்டின் கனம் இருக்க வேண்டும். தாளை மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமைப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். பிரேம்காரர் டேப்பை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். முழுத் தாளையும் அட்டையில் ஒட்டி "சுருக்கம் இல்லாமல் கொடுத்திருக்கேன் சார்" என்று பெருமையாகத் தருவார்கள். அதோடு அந்தப் படம் முடிந்தது. கூட நின்று பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்தாவது.

நேர் வெயில் படக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சத்தமில்லாமல் வெளிறிப்போகும், தினமும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை இறக்கிப் பின்பக்கம் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நான் முதலில் வாங்கிய அந்தப் புள்ளிக் குதிரையைத் தூக்கிப் போடவில்லை. மாலை வெயில் நேராக விழும் மாடிப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். செம்மண் நிறம் இப்போது ஏறக்குறைய சந்தன நிறம் ஆகிவிட்டது.